முதல்ல வயரைப் போடு

பாபநாசத்தில் 1944லேயே தாமிரபரணித் தண்ணி கரண்டாச்சு. சேரிக்கு மட்டும் 'குடிசைக்கு ஒரு விளக்கு'. 2016ல் உஜ்வாலா சிலிண்டர். தீர்ந்தால் அடுத்ததுக்குக் காசு நம்ம பாடு. 2021ல் மத்திய அரசு 'கோ எலக்ட்ரிக்' என்று மின்சார அடுப்புக்குக் கூப்பிட்டது.

கணக்குப் போடுவோம். 1200 வாட் அடுப்பு தினம் ஒன்றரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 108 யூனிட். தமிழக அரசு 2016ல் இலவசமாக்கியதோ 100 யூனிட். அப்ப ஃபேனுக்கு? வெயிலில் கொதிக்கிற காலனி வீட்டில் ஃபேன் இல்லாமல் யார் படுப்பது? ஒத்தைப் பல்புக்கு இழுத்த ஒல்லி வயர் அடுப்பைத் தாங்குமா?

மின்சார அடுப்பு வேண்டாம்னு சொல்லலை. விறகுப் புகையில் இருமியே ஓய்ந்தவர்கள் நம்ம ஆத்தாமார். தடிச்ச வயர், எர்த், வெள்ளையடிச்ச மொட்டைமாடி, அடுப்புக்கென்று தனி யூனிட் - இதெல்லாம் முதல்ல சேரிக்கு வரட்டும். இது சலுகை இல்லை, பாக்கி.