மூச்சுக் கருவி: விலை பார்த்து வாங்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2021 கொரோனா இரண்டாம் அலைக்குப் பிறகு ஆக்சிஜன் கருவிகளின் பெயர்கள் கிராமங்கள் வரை வந்துவிட்டன. ஆனால், ‘மூச்சு மிஷின்’ என்று பொதுவாகக் கேட்டு, விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்குவது ஆபத்து; ஒவ்வொரு கருவியின் வேலையும் வேறு.

ஆக்சிஜன் செறிவூட்டி, காற்றிலுள்ள நைட்ரஜனை நீக்கி ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜன் தரும். பழைய கருவியில் அளவுகாட்டியின் குண்டு 5 லிட்டரில் மிதந்தாலும் ஆக்சிஜனின் அளவு குறைந்திருக்கலாம். அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. சிபாப் என்ற கருவி தானாக ஆக்சிஜன் தராது. தூக்கத்தில் அடைபடும் மூச்சுப்பாதையைக் காற்றழுத்தத்தால் திறந்து வைக்கும். பைபாப் என்ற கருவி இரண்டு அழுத்தங்களில் இயங்கும். கரியமில வாயு உடலில் தேங்கும் நோயாளிகளுக்கு உதவும்.

விறகடுப்புப் புகையாலும் பீடியாலும் நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்களுக்கு, இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பொதுவாக 88 முதல் 92 சதவீதம் வரை இருந்தால் போதும். ‘98 காட்டவில்லையே’ என்று வீட்டார் கருவியின் குமிழைத் திருகி ஆக்சிஜனை ஏற்றினால், கரியமில வாயு கூடி மயக்கம்கூட வரலாம்.

செறிவூட்டிக்கு மின்சாரம் வேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் மின்கம்பங்களைச் சாய்த்ததைக் கடலூர் மாவட்டம் மறக்காது. மின்சாரம் இல்லாதபோது மாற்றாக வைக்கும் 1,500 லிட்டர் ஆக்சிஜன் சிலிண்டரும், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரமே வரும்.

எனவே, எந்தக் கருவி, எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர்கள் தமிழில் எழுதித் தர வேண்டும். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீட்டுக் கருவிகளையும் பார்வையிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாற்று சிலிண்டர்களை இருப்பு வைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அண்ணாகிராமம், கடலூர் மாவட்டம்.