இளமாந்தோப்பும் ஊடுபயிரும்

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் ஒரு காலத்தில் சாமையும் கொள்ளும் விளைந்த செம்மண் மேடுகள் பல இன்று மாந்தோப்புகளாகிவிட்டன. 2005-06ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் மூலம், கன்று நடுகிறவர்களுக்குச் சர்க்கார் உதவியும் கிடைத்து வந்திருக்கிறது. அதைக் குறை கூற நாம் முன்வரவில்லை. ஆனால், ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் நடுவே கிடக்கும் நிலத்தில் என்ன விதைப்பது என்னும் விஷயம், அதற்குரிய கவனத்தைப் பெறவில்லை என்றே சொல்ல வேண்டும்.

முப்பதடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்குச் சுமார் 48 கன்றுகள் ஆகின்றன. ஒவ்வொன்றின் பங்குக்கும் 900 சதுர அடி. முதல் வருஷத்தில் கன்றுக்கு வேண்டியதோ ஆறடி அகலமுள்ள ஒரு வட்டப்பாத்தி. அது 30 சதுர அடிகூட இல்லை. மீதி நிலத்தை ஐந்தாறு வருஷம் தரிசாகப் போட்டு வைத்துவிட்டு, சிறு குடியானவன் எதைக் கொண்டு ஜீவிப்பான்? ஊடுபயிரே கூடாது என்று உபதேசிப்பவர்கள் அவனுடைய அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததில்லை. பயிர் வைக்கத்தான் வேண்டும். எந்தப் பயிர் என்பதே கேள்வி.

சோளம், கம்பு, ஆமணக்கு, கரும்பு ஆகியவை இதற்கு ஆகா. ஆளுயரம் வளர்ந்து கன்றின் வெயிலை மறைப்பதோடு, அதற்கு உரிய ஈரத்தையும் சத்தையும் அவை பறித்துக்கொள்கின்றன. ஒன்றும் விதைக்காமல் புல் மண்டவிடுவதும் நல்லதன்று. பீகாரிலுள்ள பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஆல்பர்ட் ஹோவர்டும் அவர் மனைவி காப்ரியேலும் பழமரங்களைப் புல்தரையில் வளர்த்து, வேர்களைத் தோண்டிப் பார்த்து, பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இளமரங்களைப் புல் எவ்வளவு தூரம் குன்றச் செய்கிறது என்பதை அவர்கள் அன்றே காட்டிவிட்டார்கள்.

வைக்கத் தக்கவை குட்டையான பயறு வகைகளே. உளுந்து, பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு, நிலக்கடலை இவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துப் பயிருக்குத் தருகின்றன. 1886ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் இதை வெளியிட்டார்கள். பயறு அறுத்தபின் வேரையும் சருகையும் நிலத்துக்கே விட்டுவிட்டால், மண்ணுக்கு அது ஆதாயம். இதிலும் ஜாக்கிரதை தேவை. கொடியோடும் காராமணியும் மொச்சையும் கன்றின்மேல் ஏறிச் சுற்றிக்கொள்ளும். செடியாக நிற்கும் ரகங்களே ஏற்றவை. நிலக்கடலையைக் கன்றருகே விதைத்தால், காய் பறிக்கக் கொத்தும்போது கன்றின் வேரும் அறுபடும். எந்தப் பயிராயினும் கன்றின் தூரிலிருந்து மூன்றடி விலகியே நிற்கட்டும். கன்று கிளை பரப்பப் பரப்ப, வருஷந்தோறும் அந்த எல்லையும் விரிய வேண்டும்.

மானாவாரித் தோப்புக்காரர்களுக்குக் கொழிஞ்சியை நாம் விசேஷமாகச் சிபாரிசு செய்கிறோம். வறட்சியைத் தாங்கும், மாடுகள் அதை விரும்பி மேய்வதில்லை. விதையின் தோல் கடினமானதால், மணலோடு சேர்த்து லேசாக இடித்து விதைப்பது நம் குடியானவர்களுக்குத் தெரிந்த முறைதான். ஈரம் உள்ள இடங்களில் சணப்பு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம்.

கொய்யாக் கன்று வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றும் வேர்முடிச்சு நூற்புழுவுக்குப் பிரியமானவை. அந்தப் புழுவே கொய்யாவின் பெரிய சத்துரு. உடனடி லாபத்துக்காக அவற்றை அங்கே நடுவது, திருடனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பதாகும். செண்டுமல்லி நட்டால் பூவுக்கும் விலை உண்டு, புழுவும் குறையும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் தோப்புகளில் சோளம் நிற்பதேன்? நிலம் ஒருவருடையது, உழவு இன்னொருவருடையது. சொந்தக்காரர் பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கிறார். இடைநிலத்தை ஒரு வருஷத்துக்கு மட்டும் குத்தகைக்கு விடுகிறார். அடுத்த வருஷம் நிலம் தன் கையில் இருக்குமா என்று அறியாதவன், எதற்காகக் கன்றின் வேருக்கு இரங்க வேண்டும்? அவனைப் பழிப்பது நியாயமாகாது. குத்தகையை நாலைந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள். பயறும் பசுந்தாள் உரமும் மாற்றி விதைக்க வேண்டும் என்பதையும், எத்தனை அடி விலக வேண்டும் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். பசுந்தாள் உரப்பயிருக்காக விடும் பருவத்துக்குக் குத்தகைப் பணத்தைத் தள்ளிக் கொடுங்கள். மரம் காய்ப்புக்கு வந்தபின், ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கட்டும் பயிர் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கட்டும். பூ எடுக்குமுன் மாமரத்துக்குக் காய்ச்சல் வேண்டும்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. கன்றுக்கு உதவி தரும் தோட்டக்கலை இலாகா, அந்தக் கன்றோடு ஏக்கருக்கு வேண்டிய பயறு விதையையும் கொழிஞ்சி விதையையும் சேர்த்தே கொடுக்கட்டும். அது பெருஞ்செலவன்று. ஆனால் விதை ஆடிமழைக்கு முன்பே குடியானவன் வீட்டுக்கு வந்துசேர வேண்டும். ஐப்பசியில் மூட்டை வந்து கிராம ஆபீஸில் கிடப்பதால் யாருக்கும் பயனில்லை.