வலிக்குப் பெயர் விதியா?

“முன்வினைப் பயன், அனுபவித்தே தீரவேண்டும்” என்கிறார் திருநீறு தருபவர். “ஆண்டவர் தந்த சிலுவை, பொறுத்துக்கொள் பாட்டி” என்கிறார் செபிக்க வந்தவர். திண்ணையில் முனகும் முதுமை இருவரையும் வணங்குகிறது. இருவரும் விடைபெறுகின்றனர், வலி மட்டும் விடைபெறவில்லை!

ஆறுதலை வெறுப்பவரல்லர் நாம். தனிமையில் தவிக்கும் முதியவரின் கரம்பற்றி அமர்பவர் கோயிலிலிருந்து வரினும், தேவாலயத்திலிருந்து வரினும் வரவேற்போம். ஆனால், நோயைப் பாவமென்றுரைத்து மருத்துவத்தை மறக்கச் செய்வதை ஏற்கோம்!

நம் குமரி மாவட்டத்து நெய்யூரைப் பாரீர். 1838இல் அங்கே மருத்துவப்பணி தொடங்கியது இலண்டன் மிஷன். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் ஏற முயன்ற டாக்டர் சாமர்வெல் அங்கே ஆண்டுகள் பல உழைத்தார். பக்தர்தான் அவர். எனினும், குடற்புண் வலியால் துடித்தோரிடம் “பொறு” என்று சொல்லி நிற்கவில்லை. அறுவைக் கத்தியை எடுத்தார்! பக்தருக்கே போதாத செபம், பாட்டிக்கு மட்டும் போதுமோ?

புற்றுநோயின் கடும்வலி தணிக்கும் மார்ஃபினுக்கு 1985ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட முட்டுக்கட்டையை 2014ஆம் ஆண்டுத் திருத்தம் தளர்த்திற்று. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வலிதணிப்புச் சிகிச்சையை வீட்டுவாயிலுக்கே கொணர வகைசெய்தது.

இளைஞனே! உன் தெருவில் முனகல் கேட்கிறதா? விதியைக் காட்டாதே, செவிலியரை அழைத்துவா!