முதல் திரைக்கதை விற்பதற்கன்று

படம் பார்த்துவிட்டு வெளியே வருகையில், ‘இந்தக் காட்சியை வேறு விதமாக எழுதியிருக்கலாமே’ என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. பெரும்பாலோரிடம் அந்த எண்ணம் தேநீர்க் கடையிலேயே முடிந்துவிடும். சிலரை மட்டும் அது இரவில் எழுந்து தாளைத் தேட வைக்கிறது. அவர்கள் தயங்கி நிற்பது எழுதத் தெரியாததால் அன்று. எங்கே பயில்வது, எழுதியதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்விகள் முந்திக்கொள்வதால்தான்.

1943இல் கொல்கத்தாவின் டி. ஜே. கீமர் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்த சத்யஜித் ராய், பொழுதுபோக்காகவே திரைக்கதை எழுதத் தொடங்கினார். ஏதேனும் ஒரு வங்கக் கதை படமாகப்போகிறது என்று அறிவிப்பு வந்தால், அதற்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதிவைப்பார்; படம் வெளிவந்ததும் இரண்டையும் ஒப்பிடுவார். அன்று புனே திரைப்படக் கல்லூரி கிடையாது; அது 1960இல்தான் தோன்றியது. அந்த ஒப்பீடே அவருக்குப் பள்ளியாயிற்று.

1940களின் பிற்பகுதியில் தாகூரின் ‘கரே பாய்ரே’ நாவலுக்கு ராய் திரைக்கதை எழுதினார். தயாரிப்புத் தரப்பு கேட்ட மாற்றங்களுக்கு அவர் இணங்கவில்லை, படம் நின்றுபோயிற்று. பல ஆண்டுகளுக்குப் பின் அதைப் படித்துப் பார்த்த அவரே, அது மேலோட்டமானது, ஹாலிவுட் சாயல் கொண்டது என்று உணர்ந்து, படமாகாததே நன்று எனக் கருதினார். அதே நாவலைப் புதிதாக எழுதி 1984இல் படமாக்கினார். எழுதுகிற எல்லோரும் ராய் ஆகிவிடுவார்கள் என்பதற்கு இது சான்றன்று. தோற்ற முதற்பிரதியும் எழுதியவருக்குப் பயன்படும் என்பதற்கே சான்று.

அந்தப் பயன் யாது? தமிழ்ப் படங்களின் பெயர்ப்பட்டியலில் கதை, திரைக்கதை, வசனம் என மூன்றையும் பிரித்துக் காட்டும் வழக்கம் உண்டு. புதிதாக எழுதுபவர் பெரும்பாலும் வசனத்தையே திரைக்கதை என்று எண்ணிவிடுகிறார். ‘அவளுக்குக் கணவன்மேல் நம்பிக்கை போய்விட்டது’ என்று நாவலில் எழுதிவிடலாம். திரைக்கதையில் அவ்வாக்கியத்துக்கு இடமில்லை. காணவோ கேட்கவோ கூடியது ஒன்று வேண்டும். கணவன் மேசைமேல் வைத்துவிட்டுப் போன பணத்தை அவள் மறுபடியும் எண்ணுகிறாள். அவ்வளவு போதும். இந்த மாற்றத்தை எந்த மென்பொருளும் செய்து தராது. பலமுறை தவறாக எழுதித்தான் அது கைவரும்.

மொழியைப் பற்றிய தயக்கமும் தேவையற்றது. மும்பைத் திரையுலகில் காட்சி விவரிப்பை ஆங்கிலத்திலும், இந்தி வசனத்தை உரோமன் எழுத்திலும் எழுதுவது பரவலான வழக்கம். அது தொழிலின் வசதி, பயில்பவருக்கு விதியன்று. ஒரு பாத்திரம் எதைச் சொல்லாமல் விடும் என்பது, எழுதுபவர் வாழும் மொழியில்தான் முதலில் பிடிபடும்.

இதற்காக வேலையைத் துறக்க வேண்டியதில்லை. ‘பாதேர் பாஞ்சாலி’ உருவான ஆண்டுகளிலும் ராய் விளம்பரப் பணியில்தான் இருந்தார். படமாக வந்துள்ள ஒரு சிறுகதையைத் தேர்ந்து, படத்தைப் பார்க்குமுன் அதற்குப் பத்துப் பக்கத் திரைக்கதை எழுதலாம். பிறகு படத்தைப் பார்க்கலாம். எங்கே பிழைத்தோம் என்பது அப்போது தெரியும். எங்கே தம் பக்கம் மேலானது என்பதும் சில இடங்களில் தெரியவரும்.