எந்தப் பெட்டி வாங்கலாம்?

சுவா சூ காங்வாசியான பெற்றோர் ஒருவர் அண்மையில் கேட்டார்: "ஐயா, பையனுக்குச் சோனி வாங்கலாமா, நிண்டெண்டோ வாங்கலாமா?" தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வியா இது எனச் சிரித்தேன். பிறகுதான், என்னிடம் கேட்க வேண்டிய கேள்வியே இது என்று தோன்றியது.

2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் பிளேஸ்டேஷன் 5உம் சில நாள் இடைவெளியில் களமிறங்கின. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2, நான்கே நாளில் 35 இலட்சத்துக்கும் மேல் விற்றது. எது வேகம், எதன் படம் துல்லியம் என்று மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். குறள் ஒன்று கேட்டாலோ மோட்டுவளையைப் பார்க்கிறார்கள்!

வேகத்தில் போட்டியிடும் இம்மூவரும் தம் கருவியின் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்க்கவில்லை. நம் நாட்டின் அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றல்லவா அது?

குற்றம் அவர்களுடையது மட்டுமா? சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் அதிகம் தமிழ் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020 கணக்கெடுப்பில் 2.5. நாம் பேசாத மொழியை வணிகன் ஏன் தேடப் போகிறான்?

ஆயினும் வழி உண்டு. கனடாவின் விசை கேம்ஸ் படைத்த 'வெண்பா' 2023இல் மூன்று நிறுவனக் கருவிகளிலும் வெளிவந்தது. புலம்பெயர்ந்த தமிழ்த் தாய், தமிழைவிட்டு விலகும் மகன், சிதைந்த சமையற்குறிப்பேடு, இவையே விளையாட்டு! 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது.

பெற்றோர்களே, எந்தப் பெட்டியையும் வாங்குங்கள். பிள்ளையின் அருகில் அமர்ந்து, "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று தமிழில் கேளுங்கள். பெட்டிக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்குத் தெரியுமே!