மேஸ்திரியின் முப்பது மூட்டை

கணக்கு உபாத்தியாயர் வீட்டுத் தளம் ஒழுகுகிறதென்றால் ஊர் சிரிக்கத்தானே செய்யும்! நம் வீட்டுக் கூடம் மழைக்கு மழை ஒழுகுகிறது. காரணம் நம் கணக்கேதான்.

கூடம் 20 அடி நீளம், 15 அடி அகலம். மேல்தளத்தின் கனம் 5 அங்குலம். ஆக, கான்கிரீட் 125 கன அடி. கலவையில் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று, மொத்தம் ஐந்தரை. 125-ஐ ஐந்தரையால் வகுத்தோம்; சிமெண்ட் சுமார் 23 கன அடி வந்தது. 50 கிலோ மூட்டை சுமார் ஒன்றேகால் கன அடி. எனவே 19 மூட்டை போதுமென்று தீர்மானித்தோம்.

"முப்பது மூட்டை பிடிக்கும், ஐயா" என்றார் மேஸ்திரி. மீதிப் பதினொன்றும் எங்கே போகுமோ என்று நமக்குச் சந்தேகம்; பட்டம் பெற்ற கர்வம் வேறு. 19 மூட்டைதான் இறக்கினோம்.

தளம் போட்ட ஞாயிறன்று, மூன்றில் இரண்டு பங்கு முடிந்ததும் சிமெண்ட் தீரும் நிலை. கடையோ அடைத்திருந்தது. "தண்ணீரைக் கூட்டி ஒப்பேற்றலாமே" என்றோம். "மூட்டைக்கு 30 லிட்டருக்குமேல் ஊற்றினால் தளம் வலுவிழக்கும், ஐயா" என்று மறுத்துவிட்டார். மறுநாள் மீதியைப் போட்டோம். இறுகிய பழையதும் புதியதும் கூடிய இடத்தில்தான் இன்றும் நீர் கசிகிறது.

பிழை எங்கே? அன்றிரவு இல்லாள் கேட்டாள்: "ஒரு படி பொரியிலே அரைப்படி சர்க்கரையைக் கொட்டினால் ஒன்றரைப் படி ஆகுமா?" ஆகாதுதான்! ஜல்லியின் இடுக்கில் மணலும், மணலின் இடுக்கில் சிமெண்டும் புகுந்துகொள்கின்றன. ஆகையால், போட்டு முடிந்த தளத்தின் அளவைப்போல் 1.54 மடங்கு உலர்ந்த சரக்கு வேண்டும். நம் தளத்துக்கு அது 192½ கன அடி. ஐந்தரையால் வகுத்தால் சிமெண்ட் 35 கன அடி, அதாவது 28 மூட்டை; மணல் 52½ கன அடி, ஜல்லி 105. சிந்திச் சிதறுவதற்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால், முப்பது மூட்டை!

மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, கசியும் இடத்தைப் பூச ஒரு மூட்டை சிமெண்ட் வாங்கச் சொன்னார். இம்முறை நாம் கணக்குப் போடவில்லை.

வீடு கட்டும் நேயர்கள் கணக்குப் போட்டே பார்க்கவேண்டும். ஆனால் அனுபவஸ்தரின் கணக்கு நம்முடையதற்கு மாறாக இருந்தால், அவரைச் சந்தேகிக்குமுன் நம் வழியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.