நாடோடிக்கு எந்த ஊர் நல்ல ஊர்?

லிஸ்பனா, சியாங் மாயா? 'டிஜிட்டல் நாடோடிகள்' என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட புதிய வகுப்பார் எழுப்பும் கேள்வி இது. சம்பளம் வருவது நியூயார்க்கிலிருந்து; உண்பதும் உறங்குவதும் வாடகை மலிவான ஊரிலே! காப்பி என்ன விலை, இணையம் என்ன வேகம், வெயில் எத்தனை மாதம் என்று இரு நகரங்களையும் தராசில் நிறுத்துகிறார்கள். நிறுத்தட்டும். ஆனால் எடைக்கல் ஒன்று குறைகிறதே, தோழர்களே! அந்த ஊரிலே பாத்திரம் கழுவுகிறவனுக்கும் வண்டி ஓட்டுகிறவனுக்கும் என்ன மிஞ்சுகிறது? அந்தக் கல்லை நாம் வைத்துப் பார்ப்போம்.

போர்த்துகல் அரசு 2022 அக்டோபரில் இவர்களுக்கென்றே ஒரு விசா திறந்தது. நிபந்தனை என்ன தெரியுமா? அந்நாட்டுக் குறைந்தபட்சக் கூலியைப்போல் நான்கு மடங்கு வருமானம் காட்டவேண்டுமாம்! 2025-இல் அந்தக் கூலி மாதம் 870 யூரோ. நாடோடி காட்டவேண்டியது 3,480. நாலு தொழிலாளியின் சம்பளத்தை ஒருவர் வாங்கினால்தான் "வருக, வருக!" வீட்டுக்காரர் கதவைத் திறப்பது யாருக்கு? நாலு மடங்குக்கா, ஒரு மடங்குக்கா?

நோய்க்கு நாடோடி மட்டுமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. 2011-இல் 7,800 கோடி யூரோ கடன் கொடுத்தவர்கள் வாடகைச் சட்டத்தைத் தளர்த்தச் சொன்னார்கள், 2012-இல் தளர்த்தினார்கள். அதே ஆண்டில், 5 லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கும் வெளிநாட்டுச் சீமானுக்குத் தங்கும் உரிமை தந்தார்கள். அல்ஃபாமாவின் பழைய சந்துகளிலே குடித்தனம் இருந்த வீடுகள் பயணிகளின் தங்கலறைகள் ஆயின. 1974 ஏப்ரலில் சர்வாதிகாரத்தை வீழ்த்திய மக்கள், 1976-இல் எழுதிய அரசியல் சட்டத்தின் 65-ஆவது பிரிவிலே அனைவருக்கும் வீட்டுரிமை என்று பொறித்தார்கள். ஏட்டிலே உரிமை, வீட்டிலே பூட்டு!

சியாங் மாய்க்கு வருவோம். தாய்லாந்து 2024 ஜூலையில் 5 ஆண்டு விசா ஒன்றை அறிவித்தது. கையிருப்பாக 5 லட்சம் பாட் காட்டினால் போதும். 2025 ஜனவரியில் அந்நகரத்துக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச நாள்கூலியோ 380 பாட். கணக்குப் போடுங்கள்: ஏறத்தாழ 1,316 நாள் கூலி! ஞாயிறு ஓய்வின்றி, ஒருவாய்ச் சோறும் தின்னாமல் சேர்த்தால் மூன்றரை ஆண்டுக்கு மேல்.

இங்கே ஒரு வேலி உண்டு, அதைப் பாராட்டுகிறோம். அயல்நாட்டார் பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடியிலும் 49 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் கைக்குப் போகாது. லிஸ்பனுக்கு இந்த வேலி இல்லை.

ஆனால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காடும் வயலும் எரிந்து, பள்ளத்தாக்கு முழுதும் புகை. 'புகைப் பருவம்' என்று நாடோடிகள் நாசூக்காகப் பெயரிட்டு, அம்மாதங்களில் தெற்கே கடற்கரைக்குப் பறந்துவிடுகிறார்கள். அங்கே சிவப்பு வண்டி ஓட்டுகிற தொழிலாளி எங்கே பறப்பார்? ஊர்மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 90 நாளில் திட்டம் வகுக்கவேண்டும் என்று 2024 ஜனவரியில் நிர்வாக நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது.

செலவு குறைவு என்றால் சியாங் மாய்தான், சந்தேகமில்லை. நாம் பார்ப்பதோ லிஸ்பன் வீதியை. 2023 ஏப்ரல் 1 அன்று வீடு கேட்டு ஆயிரக்கணக்கானோர் அங்கே அணிவகுத்தார்கள். செப்டம்பரில் மீண்டும் திரண்டார்கள். வீடு வாங்கித் தங்கும் உரிமை பெறுகிற வழியை அவ்வாண்டு அக்டோபரில் வந்த சட்டம் அடைத்தது. நான்கு மடங்கு விசாவை அந்தச் சட்டம் தொடவில்லை.